மொழிபெயர்க்க முடியாத வரி

"நம் விருந்தினர் சிவகலா தமிழர்தானே. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரே வாசித்துச் சொல்லட்டும்," என்றார் ஆசிரியர் உர்ஸ்.

அவர் கைகாட்டியது மதுஜாவின் போஸ்டரை.

சுவிசின் சோலோதுர்ன் நகரில் ஒரு தனியார் டிசைன் கல்லூரி. முதலாம் ஆண்டு மாணவர்களின் போஸ்டர்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. கொடுத்த தலைப்பு, நட்பு. இதில் தேறினால்தான் இரண்டாம் ஆண்டு. இல்லையென்றால் வேறு படிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத்தை முதலில் உருவமாகப் பார், வாசிப்பதெல்லாம் பிறகு. இதுதான் உர்ஸின் பாடம். போஸ்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

மதுஜா அந்தப் பாடத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றினாள். சுவிசில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. கோயிலுக்குப் போனபோது வாசலில் இருந்த ஒரு வரியைப் போனில் படமெடுத்தாள். வளைந்து வளைந்து நின்ற அந்த எழுத்துகளைப் பெரிதாக்கி, சிவப்பில் போஸ்டர் முழுக்கப் பரப்பிவிட்டாள்.

"என்ன அர்த்தம்?" என்று உர்ஸ் கேட்டபோது வாய் கூசவில்லை. "நட்பைப் பற்றிய பழைய தமிழ் வரி," என்றாள்.

இன்று காலைதான் அம்மாவின் கண்ணில் அது பட்டது.

"என்ன பிள்ளை, கோயில் அறிவித்தலை ஏன் இவ்வளவு பெரிசாக் கீறி வைச்சிருக்கிறாய்?"

"அதிலை என்னம்மா எழுதியிருக்கு?"

"'வாசலில் வாகனம் நிறுத்த வேண்டாம்' எண்டு." அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது.

மாற்ற நேரமில்லை. வெள்ளைக்காரருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியத்தில் கொண்டுவந்து மாட்டினாள். பார்த்தால், மதிப்பெண் போட வந்திருப்பவரே தமிழ்ப்பெண். அதுவும் தமிழ் எழுத்துகளில் போஸ்டர் செய்தே சூரிச்சில் பெயர் வாங்கியவர்.

மதுஜா தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றாள்.

சிவகலா போஸ்டர் முன்னால் வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மிக ஆழமான வரி," என்றார் ஜெர்மன் மொழியில். "மொழிபெயர்த்தால் அழகு போய்விடும். இப்படியே இருக்கட்டும்."

வகுப்பு கைதட்டியது. உர்ஸ், தனக்கு அப்போதே தெரியும் என்பது போலத் தலையாட்டினார். முதல் மதிப்பெண் மதுஜாவுக்கு.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இத்தனை பேர் முன்னால் பொய் சொல்வதென்றால் எவ்வளவு பெரிய மனசு வேண்டும்? பின்னாலேயே ஓடிப்போய் பஸ் தரிப்பிடத்தில் சிவகலாவைப் பிடித்தாள்.

"அக்கா, பெரிய நன்றி. நீங்கள் நினைச்சிருந்தால் என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்."

"நான் ஏன் பிள்ளை உம்மைக் காட்டிக் குடுக்கோணும்?"

"நட்பைப் பற்றின வரி எண்டு நான் பொய்யெல்லோ சொன்னனான். அது வாசலிலை வாகனம் நிறுத்த வேண்டாம் எண்டு கோயிலிலை போட்ட அறிவித்தல். அம்மா வாசிச்சுச் சொல்லித்தான் எனக்கே தெரியும். வாசிச்ச உடனை உங்களுக்கு விளங்கியிருக்கும்தானே."

சிவகலாவின் முகம் வெளுத்தது. பஸ் வந்து நின்றது, அவர் ஏறவில்லை. போனைத் திறந்து தான் செய்த போஸ்டர் ஒன்றைக் காட்டினார். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு என்ரை கண்காட்சி திறக்கினம். இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு உம்மட அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுவீரோ?"