டேப் ஒட்டாத பெட்டி

"டேப் ஒட்டாத பெட்டிய யாராச்சும் தொறந்தா எப்பிடிம்மா தெரியும்?" நேற்று அட்டைப் பெட்டி மடிக்கையில் மகள் கேட்டது ரோகிணியின் காதிலேயே நிற்கிறது. பூண்டி மலையில் மூடுபனி விலகவில்லை. கொட்டகைத் தகரத்தின் இடுக்கில் நுழைந்த வெளிச்சம் இரண்டு பூண்டுப் பெட்டிகள்மேல் விழுகிறது. ஒன்றில் ரோகிணியின் பெயர், மற்றதில் பக்கத்துப் பூண்டுக்காட்டுப் பொன்னுத்தாயின் பெயர். கொடைக்கானல் கடைக்காரர் இவற்றைப் பார்த்து, பூண்டு பருத்திருக்கும் ஒருவரிடம் மட்டும்தான் இனி வாங்குவார். இனி அனுப்ப எந்த மாதிரிப் பெட்டி வேண்டும் என்றும் அவரிடம் இன்றே சொல்லவேண்டும். "மூடிக் காதை மடிச்சுச் செருகுற இதே போதும்க்கா. டேப்பும் வேணாம், கத்திரியும் வேணாம்" என்கிறாள் பொன்னுத்தாய். "ஓரத்தக் கிழிச்சாத்தான் தொறக்குமே, அந்தப் பெட்டிதான் நல்லது. யாரும் கைய விட முடியாது." என்கிறாள் ரோகிணி, தலை நிமிராமல். "இங்க யாரு கைய விடப் போறா, நீங்களா?" பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சிலிருந்து பழனித் திருநீற்றை எடுத்து ரோகிணியின் பெட்டிக்கு முதலில் பூசுகிறாள், பிறகு தன்னுடையதற்கு. "பெட்டி ஏத்துற ஜீப்பு வந்துருச்சான்னு பாத்துட்டு வெரசா வாறேன்க்கா." ரோகிணிக்கு முகம் எரிகிறது. நேற்று அந்தியில் பொன்னுத்தாயின் பெட்டியிலிருந்து எடுத்து மாற்றிய பருத்த பூண்டுகள் ரோகிணியின் பெட்டிக்குள் மேல்வரிசையில் இருக்கின்றன. இரண்டு பெட்டிகளின் காதையும் மெல்ல விலக்குகிறாள். பருத்ததை எல்லாம் பொன்னுத்தாயின் பெட்டியில் வைத்து, தன் சிறுபூண்டுகளைத் தன் பெட்டிக்கே திருப்பிக்கொள்கிறாள். காதுகளைச் செருகுகிறாள். வெளியே ஜீப் உறுமும்போது, திறந்த சுவடே இல்லாமல் பெட்டிகள் மூடியிருக்கின்றன. திருநீறுகூடக் கலையவில்லை.