தறிக்காரர் தொண்டை

"கட்டின பொண்டாட்டியை நாலு பேருக்கு முன்னால இப்படியா கத்துவான் ஒருத்தன்? சோத்தைத்தான் திங்கானா, வேற எதையும் திங்கானா?"

பக்கத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்த யாரோ ஒரு அம்மாள் யாரைச் சொல்கிறாள் என்று பொன்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரை? பொன்செல்வியின் அப்பாவைத்தான்.

நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம் அப்பா வேல்ராஜின் குரல் மலையில் மோதித் திரும்பியது.

"ஏட்டி கோமதி! அங்கன வழுக்கும்! இங்கன வான்னு சொல்லுதேம்லா!"

புளியங்குடி தாண்டி, மலையடிவாரத்தில் இருந்தது அந்த கன்ட்ரி கிளப். வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலிகள், காதோடு பேசும் பணியாளர்கள், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத புல்லாங்குழல். அப்பா அம்மாவின் கல்யாண நாளிலாவது அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று, பெங்களூரில் வேலை பார்க்கும் பொன்செல்வி தேடிப் பிடித்த இடம்.

சங்கரன்கோவில் வீட்டில், பின்பக்கம் ஓடும் விசைத்தறிக்கும் முன்பக்கம் ஓடும் அப்பா வாய்க்கும் நடுவில் காலந்தள்ளியவள் அம்மா. தறியாவது கரண்டு போனால் நிற்கும்.

இத்தனைக்கும் வேல்ராஜ் முரடர் இல்லை. நூல் வியாபாரியோடு மல்லுக்கட்டிப் பேரம் பேசும்போதுகூடக் குரல் உயராது. பொண்டாட்டி என்றால் மட்டும் எரிந்து விழுவார். அவளிடம் யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு இவரே பதில் சொல்வார். அம்மாவுக்குப் போன் போட்டால்கூட எடுப்பது இவர்தான்.

இப்போதும் அதேதான் நடந்தது. மசாஜ் செய்யும் மிஸ்ரியா வந்து, "அம்மா, என்ன எண்ணெய் போடட்டும்? லாவெண்டரா, எலுமிச்சையா?" என்றாள்.

"எலுமிச்சைதான் புளியங்குடி மார்க்கெட்டுல மூட்டை மூட்டையாக் கிடக்கே தாயி. நல்லெண்ணெய் போடு," என்றார் வேல்ராஜ், தேன் ஒழுக. அப்படியே திரும்பி, "ஏட்டி! நல்லெண்ணெய்! சரியா?" என்று ஒரு போடு போட்டார்.

அம்மா தலையை ஆட்டினாள்.

"நானும் உள்ள ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்."

"இல்ல சார், லேடீஸ் மட்டுந்தான்."

"ஒரு ஸ்டூலைப் போட்டா போதும் தாயி..."

பொன்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா! செத்த நேரம் அம்மாவை விடுங்க. உங்க சத்தம் இல்லாம அவ கொஞ்சம் கண்ணை மூடட்டும்."

வேல்ராஜ் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவைக் கையோடு கூட்டிப்போய் மசாஜ் அறைக்குள் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள் பொன்செல்வி. அப்பாடா, என்ன அமைதி!

அந்த அமைதி கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. மிஸ்ரியா கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, திரும்பிப் படுங்கம்மான்னு சொல்லுதேன், சொல்லுதேன், அசையவே மாட்டேங்காங்க. தோளைத் தட்டினா, 'அங்கனதான், இன்னும் நல்லாத் தட்டு'ங்காங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

வேல்ராஜ் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகையைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்.

"அங்கேயும் வந்து கத்தணுமாப்பா?" பொன்செல்வி பின்னாலேயே ஓடினாள்.

அவர் கத்தவில்லை.

கழுத்துவரை போர்த்தி, மேசையின் ஓட்டையில் முகத்தை வைத்துக் குப்புறக் கிடந்தாள் அம்மா. வேல்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார். தரையில் மல்லாந்து படுத்து, மேசைக்கு அடியில் தலையை நுழைத்தார். மேலே தெரிந்த பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

அம்மா களுக்கென்று சிரித்தாள். "திரும்பிப் படுக்கணும், அவ்வளவுதானே? அதுக்கா இப்படித் தரையில உருளுதீக?"

பொன்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வது அந்த வீட்டில் புதிதில்லை. ஆனால் இங்கே எந்தத் தறி ஓடுகிறது?

"அப்பா... அம்மாவுக்குக் காது..."

வேல்ராஜ் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். அம்மா தன் உதட்டைப் பார்த்துவிடாதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொண்டாட்டி இருக்கும் இடத்தில் அவர் குரல் இவ்வளவு தணிந்து பொன்செல்வி கேட்டதே இல்லை.

"தறிச் சத்தம் தின்னுட்டு மக்கா. நீ காலேஜ் சேர்ந்த வருசமே. உரக்கச் சொன்னா கொஞ்சம் விழும்."

"டாக்டர்கிட்டக் காட்டலையா?"

"வரமாட்டேங்கா. மெஷின் மாட்டினா ஊருக்கே தெரிஞ்சிரும்னு, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அம்மன் சந்நிதியில வச்சுச் சத்தியம் வாங்கிட்டா."

"தெரிஞ்சா என்னப்பா?"

"உனக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா? தாய்க்குக் காது கேக்காதுன்னா, பொண்ணுக்கும் வருமோன்னு நூறு கேள்வி கேப்பான். தகப்பன் பொண்டாட்டியைக் கத்துத முசுடுன்னா, ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். அதான், அந்தப் பேரை நான் வாங்கிக்கிட்டேன்."

பொன்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்கு நேராகப் போய் நின்றாள். தறிக்காரர் தொண்டை அவளுக்கும் இருந்தது.

"சத்தியமாவது, ஒண்ணாவது! எங்கம்மா காதைக் கேட்டுப் பொண்ணெடுக்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். நாளைக்கு விடிஞ்சதும் அம்மாவைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறீங்க. அவகிட்ட நீங்க மெதுவாப் பேசுறதை இந்த ஊரே கேக்கணும்!"