திறக்காத போத்தல்

"ஆட்டுக்கறிக்கு இதுதான் சரி. மீனோட குடிச்சா இரும்பை நக்கின மாதிரி இருக்கு."

மருதமுத்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, சாமான் வாங்கப் பாசாருக்குப் போன பாக்கியலட்சுமி மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

மேசைமேல் மூன்று ஒயின் போத்தல்கள். இரண்டு திறந்திருந்தன. ஒரு தட்டில் நேற்று மிஞ்சிய ஆட்டுக்கறிப் பிரட்டல், இன்னொன்றில் வறுத்த கெம்போங் மீன். பட்டப்பகல் பதினோரு மணிக்கு, கையில் கருஞ்சிவப்பாய் ஒரு கிளாஸை ஏந்திக்கொண்டு அவள் புருஷன் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தான்.

அவளுக்கு உள்ளங்காலில் பற்றியது உச்சந்தலைவரை எரிந்தது. அவளுடைய அப்பா கள்ளுக்கடை வாசலிலேயே விழுந்து செத்தவர். அதனால்தான் கழுத்தில் தாலி ஏறும் முன்பே, குடிக்கவே மாட்டேன் என்று மருதமுத்துவைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தாள். எட்டு வருஷமாக அந்தச் சத்தியத்தை நம்பித்தான் குடித்தனம் நடத்துகிறாள்.

"ஒடம்பு சரியில்லன்னு வேலைக்கு மட்டம் போட்டது இதுக்குத்தானா?"

மருதமுத்து திடுக்கிட்டு எழுந்தான். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மசாலாக் கடையில் வேலை அவனுக்கு. மோந்து பார்த்தே மல்லி பழசா புதுசா என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட மூக்கின் நுனியில் இப்போது ஒயின் ஒட்டியிருந்தது.

"கத்தாத பாக்கியம். ஒரு சொட்டு விழுங்கல. வாயில வச்சுப் பாத்துட்டு இந்த மங்குக் கிண்ணத்துல துப்பிட்டேன், நீயே பாரு."

"துப்பினாராம்! நான் என்ன காதுல பூவா வச்சிருக்கேன்? ஏது இது?"

"ஊருக்குப் போற துரைங்க சாமானை புக்கிட் பாருவுல லேலம் போட்டு வித்தாங்கல்ல, அங்க மலிவா கிடைச்சுது."

"ஓகோ! மெர்டேக்கா, சுதந்திரம்னு வந்து துரைங்க கப்பல் ஏறிட்டாங்க. காலியான நாற்காலியில நீங்க போய் உக்காந்துட்டீங்க!"

அவன் அதற்குக் கோபப்படவில்லை. கிளாஸை அவள் பக்கம் நீட்டினான். அதுதான் அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

"நீயும் ஒரு வாய் பாரேன். கறியைத் தின்னுட்டு இதைக் குடிச்சா, நாவப்பழம் தின்ன மாதிரி நாக்குல ஒட்டணும். ஒட்டுதா இல்லியான்னு நீதான் சொல்லணும்."

நாவல்பழக் கதையை எங்கேயோ, யார் வாயிலிருந்தோ கேட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. ஆனால் இருந்த ஆத்திரத்தில் அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்?

"நாளைக்குப் போகி. செத்தவங்களுக்கு அவங்க ஆசைப்பட்டதை இலையில வச்சுக் கும்பிடுற நாளு. கும்பிடப்போற வீட்டை இன்னிக்கே சாராயக் கடையாக்கி வச்சிருக்கீங்க!" என்று கத்தினாள். "போன வருசம் எங்கண்ணன் இலைச் சோத்தைக் கூரையில வச்சப்ப, ஒரு காக்கா வந்து தொட்டுச்சா? நான் என்ன குறை வச்சேன்னு எத்தனை நாள் அழுதேன்! இப்பல்ல புரியுது. குடிகாரன் வீட்டுச் சோத்தை எங்கண்ணன் எப்படித் தொடுவான்?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அண்ணன் அப்பாசாமி துரை பங்களா குசினியில் சமையலாளாக இருந்தவன். ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போனான், அவ்வளவுதான். தங்கையால் அவனுக்குச் செய்ய முடிந்தது வருஷத்துக்கு ஒரு இலை.

"அதுக்காகத்தான் பாக்கியம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்!"

திறந்த போத்தல்கள் இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கால்வாய்க் கல்லில் ஓங்கி அடித்தாள். மருதமுத்து தடுக்கவில்லை. கோபம் தீரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் திரும்பி வந்து மூன்றாவது போத்தலில் கை வைத்ததும்தான் அவன் முகம் மாறியது. திறந்திருந்ததில் ஒன்றில் இருந்த அதே சீட்டுதான் இதிலும் ஒட்டியிருந்தது. மேல் அரக்குகூட உடையவில்லை.

"அதை மட்டும் தொடாத! அந்தச் சரக்குல அதுதான் கடைசி. இனிமே தேடினாலும் கிடைக்காது. அதுல யாரும் வாய் வைக்கக் கூடாது."

"ஏன், நான் பங்குக்கு வந்துடுவேன்னு பயமா?"

அவன் பாய்ந்து வருவதற்குள் அவள் கொல்லையில் இருந்தாள். மூன்று போத்தலிலும் இதைத்தான் அதிக பலத்தோடு அடித்தாள். சிவப்பாக ஓடி வாழை மரத்தடி மண்ணில் இறங்கியது. இரண்டு தரம் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். எட்டு வருஷச் சத்தியத்துக்குப் பழி வாங்கிவிட்ட மாதிரி மூச்சு வாங்கியது.

மருதமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உடைந்த அடிப்பாகத்தில் ஒரு வாய் அளவுகூடத் தேங்கவில்லை. கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"ஐயோ பாவம்! குடிக்கக் கிடைக்கலன்னு அழுகை வேறயா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"துரை வீட்டு ஒயினு கறியோட நாவப்பழமா ஒட்டும்னு உங்கண்ணன் ஆசையா சொல்வான்னு நீதானே எங்கிட்ட சொன்ன? அது உங்கண்ணன் இலைக்கு வச்சிருந்தது, பாக்கியம்."