அந்தப் பக்கம் பிடிங்க

"அந்த மூலைச் சுவர்ல ஓதம் இருக்குங்க. பார்க்க வர்றவங்ககிட்ட அதைச் சொல்லித்தான் விப்பேன்."

புரோக்கர் சுவரிலிருந்து உள்ளங்கையை எடுத்தார். வந்ததிலிருந்து அறை அறையாகப் போய், ஒவ்வொரு சுவரிலும் கையை வைத்து, கண்ணை மூடி நின்றவர்.

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "மழை பெஞ்சா மட்டும் மொட்டை மாடியில இருந்து கொஞ்சம் இறங்கும். அதுக்குப் போய்த் தம்பட்டம் அடிக்கணுமா?"

"விலை கொஞ்சம் குறையும். ஆனா வித்த பிறகு நிம்மதியாத் தூங்கலாம்."

"யோசிச்சுச் சொல்றோம்."

கதவைச் சாத்தியதும் மனைவியிடம் திரும்பினார். "இவர் புரோக்கரா, வைத்தியரா? சுவருக்கு நாடி பார்த்து, நோயை ஊருக்கே சொல்லுவாராம்! வாரத்துக்கு வாரம் வீட்டு விலை சரியுது. இந்த நேரத்துல இப்படி ஒரு உத்தமர் நமக்குத் தேவையா?"

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். மாடிப்படி இனி அவளுக்கு ஆகாது. இந்த வீட்டை விற்றால்தான் தரையோடு ஒரு வீடு வாங்க முடியும். விலை இன்னும் இறங்கினால் அந்த ஆசைக்கும் ஒரு கும்பிடு.

அடுத்து வந்த புரோக்கர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "என்ன வெளிச்சம்! என்ன காத்து! இது வித்த மாதிரிதான் அக்கா."

வீட்டுக்காரர் மெதுவாக மூலையைக் காட்டினார்.

"இதெல்லாம் ஒரு குறையாண்ணே? ஒரு கை பெயிண்ட். முன்னாடி அந்தப் பீரோ. முடிஞ்சுது!"

"ஆளு சர்க்கரை" என்றார் வீட்டுக்காரர். அன்றே அவரை வைத்துக்கொண்டார்கள்.

பெயிண்ட் காய்ந்தது. பீரோவை நகர்த்தும்போது அவள் தயங்கினாள். "பாவமில்லையாங்க?"

"வாங்கறவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கட்டும். நாம என்ன கண்ணைக் கட்டியா விடறோம்? என்ன நிக்கிற? அந்தப் பக்கம் பிடி."

பிடித்தாள்.

நான்கைந்து நாளில் சர்க்கரை போன் செய்தார். "அண்ணே, ஆள் கிடைச்சாச்சு! படத்தைப் பார்த்தே மயங்கிட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் வர்றாங்க. கையோட பேசி முடிச்சிரலாம்."

"அப்போ நமக்கு வீடு தேடணுமே" என்றாள் அவள். "சர்க்கரைகிட்டயே சொல்லலாமா?"

"அவன்கிட்டயா? நம்ம தலையில எதைக் கட்டுவானோ! விக்கறதுக்கு அவன். வாங்கறதுக்கு அந்த வைத்தியர். நீயே பேசு, நான் பேசினா நல்லா இருக்காது."

தயங்கித் தயங்கித்தான் வைத்தியருக்குப் போன் செய்தாள். "அன்னிக்கு உங்களை வேண்டாம்னுட்டோம். மனசுல வெச்சுக்காதீங்க. வாங்கற இடத்துல எங்களுக்கு ஏமாத்தாத ஆள் வேணும்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சரிம்மா. சாயங்காலம் உங்க பக்கம்தான் ஒரு வேலை. நேர்ல பேசுவோம்."

பிற்பகலில் வானம் கறுத்தது. வீட்டுக்காரர் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடையாய் நடந்தார். "இப்ப மட்டும் கொட்டுச்சு, பீரோ அடியில தண்ணி வந்து மானத்தை வாங்கிரும். சாமியைக் கும்பிடு, போ."

போய்க் கண்ணை மூடினாள். ஆண்டவனே, இன்னிக்கு ஒரு பொழுது மழை வேண்டாம். எப்போதும் வேண்டிக்கொண்டால் மனசு லேசாகும். இன்றைக்கு ஆகவில்லை.

"சொல்லிட்டியா?"

"மழை வேண்டாம்னு சொன்னேன். எதுக்குன்னு சொல்லலை."

அழைப்பு மணி அடித்தபோது வெயில் பளிச்சென்று அடித்தது. வேண்டிக்கொண்டபடி ஒரு தூறல்கூட இல்லை.

முதலில் சர்க்கரை. பின்னால் ஓர் இளம் தம்பதி. பெண்ணின் தோளில் ஒரு வயதுக் குழந்தை. அது மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"பாப்பாவுக்கு இழுப்பு இருக்குங்க. இப்ப இருக்கிற வீடு ஒரே ஈரம். டாக்டர் உடனே மாறச் சொல்லிட்டாரு."

"இங்க வந்தா இழுப்பெல்லாம் பறந்துரும்!" என்றார் சர்க்கரை. "சருகு மாதிரி காஞ்ச சுவர். என்ன அண்ணே?"

"ஆமா… ஆமாமா" என்றார் வீட்டுக்காரர். அவள் பக்கம் அவர் திரும்பவில்லை.

குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

இளைஞன் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க. எங்களுக்காகப் பார்த்துச் சொல்ல ஒருத்தரை வரச் சொல்லியிருக்கோம். அவர் சரின்னா இப்பவே முடிச்சிரலாம். இதோ, படியேறி வந்துட்டு இருக்காரு."

வாசலில் வந்து நின்றவர் வைத்தியர்.

சர்க்கரையின் வாய் முதல் தடவையாக மூடியது. வீட்டுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

வைத்தியர் அவரைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவியைத்தான் பார்த்தார்.

"நீங்க காலையில கேட்டதையேதாம்மா இவங்களும் கேட்டாங்க. ஏமாத்தாத ஆள் வேணுமாம்."

அவ்வளவுதான் சொன்னார். சுவரில் கை வைக்க உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார், யாரோ பேசுவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி.

குழந்தையின் நெஞ்சு விசில் அடித்தது.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டே பீரோவிடம் போனாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன நிக்கிறீங்க? அந்தப் பக்கம் பிடிங்க."