எல்லா மில்லுக்கும்

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மின்னுகின்றன. மேனேஜர் ராசப்பனின் கை தன் இடுப்பைத் தொட்டதைப் பற்றிக் கோயமுத்தூர் தலைமை ஆபீசுக்கு டைப்பிஸ்ட் சௌந்திரம் இதே கம்ப்யூட்டரில் அனுப்பிய புகார் அது. அங்கிருந்து அதை அப்படியே ராசப்பனுக்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவருக்குக் கம்ப்யூட்டரில் தட்டத் தெரியாது. வெற்றிலை மணக்க அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிகிறார்.

"இத நம்ம எல்லா மில்லுக்கும் அனுப்பி உடு சாமி. படிச்சுச் சிரிக்கட்டும்."

"வேண்டாங்க சார்..."

"அப்ப நாளையிலருந்து ஊட்டுலயே இருந்துக்க."

நூற்கும் இயந்திரங்களின் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. திரையில் படிந்த பஞ்சுத்தூசியைத் துடைத்துவிட்டு, அவள் ஒவ்வொரு மில்லின் பெயராகத் தட்டிச் சேர்க்கிறாள். அனுப்புநர் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே சௌந்திரம் என்று போட்டுக்கொள்கிறது. அவளுடைய இரண்டு கைகளும் விசைகளின் மேல் இருக்க, அவர் கை மறுபடியும் இடுப்புக்கு வருகிறது.