முடிச்சு இல்லாத வேர்

“இது வயல்ல பிடுங்கினதா, இல்லை காயவச்சுக் கொண்டு வந்தீங்களா?” மண் பரிசோதனை நிலையத்துப் பெண் அதிகாரி, அந்தப் பயறுச் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னைக்குக் காலையில பிடுங்கினது மேடம். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்” என்றார் விவசாயி.

பஸ் அவருக்கு இல்லை. வாசலோரப் பெஞ்சில் சூட்கேஸோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு. கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு கரு கலைந்தது. மூன்றாவது ஏழாம் மாதத்தில், அவளுக்குக் கை கால் முகமெல்லாம் வீங்கி, வயிற்றிலேயே போய்விட்டது. ‘இனி அவ பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று முந்தாநாள் அவர் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். அவர் மறுத்துப் பேசவில்லை.

அதிகாரி வேரைத் தண்ணீரில் அலசினார். “பயறு வேர்ல குட்டிக் குட்டி முடிச்சு இருக்கணும். காத்துல இருக்கிற சத்தை இழுத்துச் செடிக்குக் குடுக்கிறதே அதுதான். இதுல ஒண்ணுகூட இல்லை. பூவெல்லாம் கொட்டியிருக்குமே?”

“கொட்டிடுச்சு. தப்பின காயும் வெறும் சப்பை. பக்கத்து வயல்ல சோளம் சுமாராவாவது நிக்குது. என் நிலத்துக்கு மட்டும் என்ன கேடு?”

பெஞ்சைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இவ வந்த வருஷத்திலேருந்துதான் மேடம் இப்படி. அவ வயிறும் விளங்கலை, என் வயலும் விளங்கலை. அம்மா சொல்றது சரிதானோன்னு தோணுது.”

தாழ்த்தியும் பயனில்லை. மனைவியின் தலை இன்னும் குனிந்தது.

அதிகாரிக்குச் சுருக்கென்றது. “அந்த வருஷம் வேற எதுவுமே புதுசா வரலையா?”

“வேற என்ன... கிணறு வத்திப்போச்சுன்னு ஆழமா ஒரு போர் போட்டோம்.”

“அந்தத் தண்ணி கொண்டு வந்திருக்கீங்களா?”

விவசாயி கையை விரித்தார். மனைவி எழுந்து வந்து, தோள்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். முக்கால் பாட்டில்தான் இருந்தது. “போர்த் தண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி அதைக் குவளையில் ஊற்றி மீட்டரை முக்கினார். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

“அடேயப்பா! நாலு வருஷமா உப்பைப் பாய்ச்சியிருக்கீங்க. மண்ணுல ஈரம் இருந்தாலும் வேரால உறிஞ்ச முடியாது. சோளம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்; பயறு தாங்காது. முதல்ல முடிச்சு போகும், அப்புறம் பூ, அப்புறம் காய்.”

விவசாயிக்கு மூச்சு வந்தது. “அப்போ சரி பண்ணிடலாமா மேடம்?”

“வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணியைத் தேக்கி, உப்பைக் கழுவி இறக்கணும். அவசரப்பட்டா நடக்காது.”

அறிக்கை எழுதப் பேனாவை எடுத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “இதை வீட்ல யாரும் குடிக்கிறதில்லையே?”

“சேச்சே, வாயில வைக்க முடியாதுங்க. கேன் தண்ணிதான் வாங்குறோம். எங்கம்மா அதுல ரொம்பக் கறார், ஒரு சொட்டு வீணாக விடமாட்டாங்க. ஏன் கேக்கறீங்க?”

“மாசமா இருக்கிறவங்களுக்கு இவ்வளவு உப்புத் தண்ணி ஆகவே ஆகாது. எங்க அக்கா ஊர்ல பார்த்திருக்கேன். ரத்தக் கொதிப்பு ஏறும், கை கால் வீங்கும், கடைசியில பிள்ளை தங்காது. நல்லவேளை, நீங்க கேன் வாங்கினீங்க.”

விவசாயி மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

மேசையோரம் நின்ற மனைவி, அன்றைக்கு முதல்முறையாகக் கணவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“அந்தக் கேனை அத்தை என்னைத் தொட விட்டதே இல்லைங்க.”