நன்றி சொன்ன கஸ்டமர்

"நன்றி சொன்ன கஸ்டமரைப் போய், 'ஒழுங்கா என்னைத் திட்டு'ன்னு எழுதுவியா? அதுவும் ஒருமையில?"

மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அது ஒரு இன்டர்நெட் கம்பெனி. சோஷியல் மீடியாவில் வரும் புகாருக்கெல்லாம் கம்பெனி சார்பில் பதில் எழுதுவது அவள் வேலை. பேஸ்புக்கில் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே', இன்ஸ்டாவில் 'சொல்லுங்க மக்களே'. இடத்துக்கு ஏற்ற மாதிரி எழுதுவதில் கெட்டிக்காரி என்று போன மாசம்தான் இதே மனிதர் மெச்சியிருந்தார்.

நேற்று பேஸ்புக்கில் ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: 'இத்தனை நாள் தங்கள் சேவைக்கு மிக்க நன்றி. இனி தங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.'

அதற்குப் போய் இவள், 'அக்கா, இந்த மரியாதையெல்லாம் எனக்கு வேண்டாம். ஒழுங்கா என்னைத் திட்டு. திட்டற வரைக்கும் விடமாட்டேன்' என்று போட்டுவிட்டாள்.

சும்மா விடுவார்களா? 'இந்தத் திமிரு பிடிச்சவளை முதல்ல வேலையை விட்டுத் தூக்குங்க' என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். மேனேஜர் அரண்டுபோய், 'சம்பந்தப்பட்ட ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் போட்டுவிட்டார்.

"அதை அழிச்சிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுது."

"மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும் சார். அவங்க போனைத் திறக்கறப்ப அது அங்க இருக்கணும்."

"ஏன் அப்படி எழுதினே? அதையாவது சொல்லித் தொலை."

"அது நான் சொல்ற விஷயம் இல்லை சார்."

வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். ஆனாலும் கல்லுளிமங்கி மாதிரி நின்றாள்.

"அவ்வளவு கொழுப்பா? சரி, நாளையிலேர்ந்து வராதே."

அவர் கையிலிருந்த போன் சிணுங்கியது. அவர் போட்ட பதிலுக்குக் கீழேயே அந்தப் பெண்மணி எழுதியிருந்தார். மேனேஜர் வாய்விட்டே படித்தார்.

"யோவ் மேனேஜரு, அந்தப் பொண்ணை வேலையை விட்டுத் தூக்குவியா? தூக்கித்தான் பாரேன். ரெண்டு வருஷமா உங்களைக் கிழி கிழின்னு கிழிச்சவ, திடீர்னு நன்றி சொல்லி எழுதறேன். உங்கள்ல ஒருத்தனுக்காவது உறைச்சுதா? அவளுக்கு உறைச்சுது. உடனே லைன்மேனை என் வீட்டுக்கு விரட்டி, கதவை உடைக்க வெச்சா. இல்லேன்னா இந்நேரம் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் எழுதறேன். இங்கயும் உங்க நெட்டு ஒழுங்கா வரலை."